மே கடைசியில் அயர்லாந்து போகிறோம். எந்தத் தோட்டங்களைப் பார்க்கலாம்?

விளைவீட்டுக்காரி, அருமனை

எல்லோருக்கும் வணக்கம். நல்லமிளகுக் கொடி வாடினாலும் சக்கைப் பிஞ்சு உதிர்ந்தாலும் இங்கேதான் வந்து கேட்பேன். இந்தத் தடவை கேள்வி கொஞ்சம் தூரத்து ஊரைப் பற்றியது.

மகள் அயர்லாந்தில் கார்க் நகரத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். போய் நான்கு வருஷம் ஆகிறது. மே கடைசியில் நானும் அவள் அப்பாவும் ஐந்து வாரம் தங்குகிற மாதிரிப் போகிறோம். டப்ளினில் இறங்கி, மகளோடு காரில் கார்க் போக வேண்டும். நடுவில் அவளுக்கு எட்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது. எங்கே போகலாம் என்று கேட்டாள். கடைவீதி வேண்டாம், மாளிகை வேண்டாம், நாட்டுப்புறத்தில் நல்ல தோட்டங்களைக் காட்டு என்றேன். மறுநாளே பதினான்கு தோட்டங்களின் பெயரை எழுதி அனுப்பிவிட்டாள். எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியவில்லை.

எங்களுக்கு வீட்டைச் சுற்றி 40 சென்ட் விளை. தென்னை, அதில் படர்ந்த நல்லமிளகு, கிராம்பு இரண்டு மூடு, ஒரு அயனி. முன்பக்கம் சின்னதாக நர்சரி போட்டு 22 வருஷமாகக் கன்று விற்கிறேன். அதனால் ஒரு தோட்டத்துக்குள் போனால் பூவைவிட, இதை யார் வைத்தார்கள், என்ன மண், எப்படிப் பிழைத்தது என்றுதான் என் புத்தி போகும். படம் எடுத்துவிட்டுத் திரும்புகிற இடங்களில் எனக்கு மனம் நிற்காது.

அவள் அப்பாவுக்கு வலது முட்டில் தேய்மானம். சமதரையில் ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் நடப்பார். படி இறங்குவதுதான் கஷ்டம்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். பதினான்கில் எதை வைத்துக்கொள்ளலாம்? மே கடைசியில் அங்கே என்ன பூத்திருக்கும்? மழை எப்படி? அப்புறம், மகள் கருவேப்பிலைக் கன்று ஒன்றும் செந்துளுவன் வாழைக் கன்று ஒன்றும் கேட்கிறாள். பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாமா?

---

கீரிப்பாறைக்காரன்

தங்கச்சி, நான் 34 வருஷம் ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகளும் அங்கே நர்ஸ்தான், கெர்ரி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி). 2018ல் ஒரு தடவை, 2023ல் ஒரு தடவை, இரண்டும் சேர்த்து ஐந்து மாதம் அங்கே இருந்திருக்கிறேன். மகள் டியூட்டிக்குப் போன நாளெல்லாம் தோட்டம் தோட்டமாகச் சுற்றினேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினான்கில் பத்தை வெட்டிவிடுங்கள். எட்டு நாளுக்கு நான்கு தோட்டம் தாராளம். முதல் தடவை நான் ஒரே நாளில் மூன்று பார்த்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது எந்தக் குளம் எந்தத் தோட்டத்தில் இருந்தது என்று சொல்ல முடியவில்லை. இரண்டாவது தடவை போனபோது ஒரே தோட்டத்துக்கு நான்கு முறை போனேன். இன்றைக்கும் அதன் ஒவ்வொரு வளைவும் மனதில் இருக்கிறது.

போகும் முன்னால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூவைப் பார்க்கிறதுக்கு முன்னால், தோட்டத்தின் எல்லையில் நிற்கிற மரங்களைப் பாருங்கள்.

வரைபடத்தில் அந்த ஊர் எவ்வளவோ வடக்கே கிடக்கிறது. குளிரில் எல்லாம் செத்துப்போகும் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி இல்லை. அட்லாண்டிக்கின் அக்கரையிலிருந்து வருகிற வெந்நீரோட்டம் தென்மேற்குக் கரையைக் கதகதப்பாக வைத்திருக்கிறது. கடலோரத்தில் கடும் உறைபனி அபூர்வம். அதனால்தான் நியூசிலாந்துச் செடியும் சிலி நாட்டுச் செடியும் தாஸ்மேனியாச் செடியும் அங்கே வளர்கின்றன. அங்கே செடிக்கு எதிரி காற்று. உப்பைச் சுமந்துகொண்டு கடலிலிருந்து ஓயாமல் அடிக்கும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றில், முட்டுக்கொடுத்த ஏத்தன் வாழையும் குலையோடு சாய்கிறதைப் பார்த்தவர்கள் நாம். அந்தக் காற்றோடு உப்பையும் சேர்த்து வருஷம் முழுக்க நினைத்துப் பாருங்கள். அதனால் அங்கே தோட்டம் போட்டவர்கள் எல்லோரும் முதலில் வைத்தது காற்றைத் தடுக்கிற மரங்களைத்தான். அவை தலைதூக்கும்வரை பல வருஷம் காத்திருந்து, அப்புறம்தான் உள்ளே மென்மையான செடிகளை வைத்தார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இல்னகுல்லின் போங்கள். காரினிஷ் தீவு என்றும் சொல்வார்கள். கார்க்கிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போனால் கிளென்கேரிஃப் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து படகு. கால் மணி நேரப் பயணம்தான். வழியில் பாறைமேல் சீல்கள் சாக்கு மூட்டை அடுக்கியதுபோலப் படுத்திருக்கும். படகு பக்கத்தில் போனாலும் ஒன்று தலையைத் தூக்கிப் பார்க்கும், மற்றவை அசையாது. படகுக்குத் தனிக் கட்டணம், தோட்டத்துக்குத் தனிக் கட்டணம், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

37 ஏக்கர் தீவு. 1910ல் ஆனன் பிரைஸ் என்பவர் வாங்கும்போது அது வெறும் பாறையும் புதரும். நெப்போலியன் படை வந்துவிடும் என்ற பயத்தில் கட்டிய காவல் கோபுரம் ஒன்று உச்சியில் நின்றது, அவ்வளவுதான். பிரைஸ் பர்மாவில் வியாபாரம் செய்தவர். ஹரால்டு பீட்டோ என்ற தோட்டக் கலைஞரை அழைத்துத் திட்டம் போட்டார். நூறு பேருக்கு மேல் வருஷக்கணக்கில் வேலை செய்தார்கள். பாறையை வெடிவைத்து உடைத்து, மேல்மண்ணைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டினார்கள். இதைக் கேட்டதும் எனக்கு நம்ம ஊரில் பாறைச் சரிவில் கல்லடுக்கி, கடவத்தில் மண் சுமந்து விளை உண்டாக்கிய பழைய ஆட்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

பிரைஸ் 1923ல் இறந்துவிட்டார். அவர் கட்ட நினைத்த மாளிகை கடைசிவரை கட்டப்படவே இல்லை. தோட்டம் மட்டும் நின்றது. 1928ல் முர்டோ மெக்கன்சி என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் வேலைக்கு வந்து, காற்றைத் தடுக்கும் பைன் மர வரிசையை நிலைநிறுத்தினார். இன்றைக்கு நாம் பார்க்கிற தோட்டத்துக்கு அந்த வரிசைதான் உயிர் கொடுத்தது என்று நினைக்கிறேன். 1953ல் பிரைஸின் மகன் அதை நாட்டு மக்களுக்கே எழுதிவைத்துவிட்டார்.

கோபுரத்துக்கு ஏறுகிற பாதையில் ஒரு இடம். மேற்கே பைன் மரங்கள் நெருக்கமாக நிற்கும். அந்த மரத்துக்கு வெளியே நின்றால் சட்டை உடம்போடு ஒட்டிப் படபடக்கும், பேச்சு கேட்காது. இரண்டு எட்டு உள்ளே வாருங்கள். காற்று அறுந்துபோகும். தலைக்குமேல் மட்டும் இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும், கீழே பெரணி இலை அசையாது. ஒரு மரவரிசை என்ன செய்கிறது என்பதை 34 வருஷம் தோட்டத்தில் வேலை பார்த்த நான் அன்றைக்குத்தான் முழுசாக உணர்ந்தேன். திரும்பத் திரும்ப உள்ளேயும் வெளியேயும் நின்று பார்த்தேன்.

இரண்டாவது, டெரீன். கெர்ரியின் ஓரத்தில், லாராக் என்ற ஊருக்குப் பக்கம். கிளென்கேரிஃப் பக்கமிருந்து ஹீலி கணவாய் வழியாகப் போகலாம். பேச்சிப்பாறையிலிருந்து கோதையாறு ஏறுகிற மாதிரி வளைவு வளைவான பாதை. பஞ்ச காலத்தில் கூலிக்கு ஆள் வைத்து வெட்டத் தொடங்கிய சாலை அது. டெரீன் தோட்டத்தைப் போட்டவர் லான்ஸ்டவுன் பிரபு, 1888 முதல் 1894 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவர். மொட்டைப் பாறையாகக் கிடந்த இடத்தில் முதலில் காட்டை வளர்த்தார், அப்புறம் மரப்பெரணி வைத்தார். ஆஸ்திரேலியப் பக்கத்து இனம். நம்ம மேற்கு மலையிலும் வேறு வகை மரப்பெரணி உண்டு. டெரீனில் அவை வித்துத்தூள் பரவித் தானாகவே முளைத்துக் காடாகிவிட்டன.

பக்கத்தில் போய் அந்தத் தண்டைத் தொட்டுப் பாருங்கள். மரம் மாதிரி இருக்காது. தென்னை மட்டையை ஊறப்போட்டு எடுத்தால் நார் எப்படிச் சொதசொதவென்று இருக்குமோ அப்படி. விரலை வைத்தால் தண்ணீர் கசியும். அந்த நாருக்குள் பாசியும் குட்டிப் பெரணியும் வேர் பிடித்திருக்கும். உச்சியில் புது இலை சுருண்டு, பழுப்பு மயிரோடு, மரவட்டை சுருண்டு கிடக்கிற மாதிரி இருக்கும். மே கடைசியில் போனால் அவை அவிழ்கிற நேரம். இது ஒன்றுக்காகவே போகலாம்.

மூன்றாவது, கில்லார்னியில் மக்ரோஸ். இது உங்கள் வீட்டுக்காரருக்கு. நல்ல சமதளப் பாதை, ஏரிக்கரை, வீட்டுக்குப் பக்கம்வரை வண்டி போகும், குதிரை வண்டியும் கிடைக்கும். தோட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. அசேலியா, ரோடோடென்ட்ரான் இரண்டும் மே கடைசியில் அநேகமாகக் கடைசிப் பூவில் இருக்கும். ரோடோடென்ட்ரான் என்றால் நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறார்களே, அந்தக் குடும்பம். இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். அதில் ஊதாப் பூ பூக்கிற ஒரு இனம் தோட்டத்தைத் தாண்டிப் போய், கில்லார்னியின் பழைய ஓக் காட்டுக்குள் புகுந்து அடியில் வேறு ஒன்றும் முளைக்கவிடாமல் மூடிவிட்டது. வருஷா வருஷம் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நம்ம மலையில் உண்ணிச்செடி செய்கிற அதே வேலை. அதுவும் அழகுக்கு வேலியில் வைக்க வந்ததுதானே. நர்சரி நடத்துகிற உங்களுக்கு இது மனதில் தைக்கும்.

நான்காவது, டப்ளினிலிருந்து கார்க் போகிற வழியில் லீஷ் கவுண்டியில் ஹேவுட். பெரிய சாலையிலிருந்து கொஞ்சம் விலகிப் போக வேண்டும், கட்டணம் இல்லை. டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையைக் கட்டினாரே லட்யன்ஸ், அவர் வடிவமைத்து 1912ல் முடித்த தோட்டம். தாழ்வான வட்டத் தோட்டம், நடுவில் நீள்வட்டக் குளம், அதன் விளிம்பில் சிற்ப ஆமைகள். ஒரு மணி நேரம் போதும். கால் நீட்டி உட்கார நல்ல இடம்.

மழைக்குப் பயப்படாதீர்கள். பெரும்பாலும் நம்ம சாரல் மாதிரிதான். வரும், போகும், வெயில் அடிக்கும், மறுபடியும் வரும். இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், அதனால் அவசரப்படவே வேண்டாம்.

---

தோவாளைப்பூ

அண்ணன் எழுதியதைப் படித்து ரொம்பச் சந்தோஷம். நான் டப்ளினில் படிக்கிறேன், ஊர் தோவாளை. அம்மாவுக்கு ஒரு யோசனை.

விமானத்தில் வந்த அன்றைக்கே நீண்ட கார்ப் பயணம் வேண்டாம். ஒரு இரவு டப்ளினில் தங்கி, மறுநாள் காலை கிளாஸ்னெவின் தாவரவியல் தோட்டத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அது நகரத்துக்குள் இருந்தாலும் நீங்கள் பார்த்தே ஆக வேண்டியது. 1795ல் தொடங்கியது, அனுமதி இலவசம், பாதைகள் நல்ல பாதைகள். ரிச்சர்டு டர்னர் என்ற இரும்பு வேலைக்காரர் கட்டிய வளைந்த கண்ணாடி வீடு அங்கே இருக்கிறது. வெள்ளை இரும்பு விலா எலும்புகள்மேல் கண்ணாடியை அலைபோல வளைத்திருப்பார்கள்.

ஆனால் நான் யாரைக் கூட்டிப் போனாலும் முதலில் சொல்வது உருளைக்கிழங்கைப் பற்றித்தான். 1845 ஆகஸ்டில் அந்தத் தோட்டத்தின் பொறுப்பாளர் டேவிட் மூர், அங்கே இருந்த உருளைக்கிழங்குச் செடியில் கருகல் நோயைக் கண்டார். அதற்குப் பிறகு வந்த பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறிப் போனார்கள். ஏழைகள் ஒரே ஒரு கிழங்கை நம்பி இருந்த நாடு அது. எங்கள் பாட்டி, யுத்த காலத்தில் பர்மா அரிசி நின்றுபோனபோது மரச்சீனிதான் (மரவள்ளிக்கிழங்கு) எங்களைக் காப்பாற்றியது என்று சொல்வார். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பரப்பினார் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஒரு கிழங்கு கைவிட்ட ஊரில் நின்றுகொண்டு, ஒரு கிழங்கு கைகொடுத்த ஊரை நினைத்தேன். முதல் தடவை போனபோது அந்தப் பாத்திகளுக்குப் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

டப்ளினுக்குத் தெற்கே விக்லோ பக்கம் ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் மவுண்ட் அஷர் போங்கள். 1868ல் வால்போல் குடும்பம் தொடங்கியது. நடுவில் வார்ட்ரி ஆறு ஓடும். நேர்கோட்டுப் பாத்தியே கிடையாது, செடியை அதன் போக்கில் வளரவிட்ட தோட்டம். பவர்ஸ்கோர்ட் ரொம்பப் பெரிது, பெயர் பெற்றது, மலை தெரிகிற காட்சி அற்புதம். ஆனால் மாளிகையிலிருந்து குளத்துக்கு அடுக்கடுக்காகப் படி. அப்பாவின் முட்டுக்கு அது வேண்டாம் என்பேன்.

---

மழைக்குருவி

அக்கா, நான் கால்வேயில் நர்ஸ், மார்த்தாண்டத்துக்காரி, இங்கே வந்து பதினோரு வருஷம். தோட்டத்தைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். நான் பெட்டியைப் பற்றியும் விசாவைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

கன்று கொண்டுவரவே கூடாது. செடி, விதை, வெட்டிய கிளை, பச்சைக் கருவேப்பிலை எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர முடியாது. 2019 டிசம்பரிலிருந்து இந்த விதி. ஐந்து பழங்களுக்கு மட்டும் விலக்கு: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன். அதனால் செந்துளுவன் கன்றுக்குப் பதிலாக ஒரு சீப்பு செந்துளுவன் பழத்தைக் காயாகப் பார்த்து எடுத்து வாருங்கள், மகள் அழுதுவிடுவாள். பால் சேர்ந்த பலகாரமும் நெய்யும் இறைச்சியும் கூடாது. என் அம்மா ஆசையாகச் செய்து கொண்டுவந்த பால்கோவாவை விமான நிலையத்தில் தொட்டியில் போட வேண்டியதாயிற்று. அவள் முகம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அதேபோல இங்கிருந்து கிளை ஒடித்து ஊருக்குக் கொண்டுபோகிற எண்ணமும் வேண்டாம். நம் நாட்டிலும் அனுமதி வேண்டும்.

மகள் அனுப்பிய பட்டியலில் மவுண்ட் ஸ்டூவர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டம் அருமையானது. லண்டன்டெரி சீமாட்டி 1920களில் உண்டாக்கியது, கல்லில் செய்த டோடோ பறவைகள் எல்லாம் உண்டு. ஆனால் அது வட அயர்லாந்து. அது பிரிட்டன் ஆட்சியில் இருக்கிறது. சாலையில் எல்லை என்று ஒன்றும் தெரியாது, யாரும் நிறுத்திக் கேட்காமலும் போகலாம், அதற்காக விசா வேண்டாம் என்று ஆகிவிடாது. உங்கள் விசாவில் இரண்டு நாட்டுக்கும் செல்லும் என்ற பிஐவிஎஸ் குறிப்பு இருந்தால் மட்டும் போங்கள்.

தனியார் தோட்டங்கள் எல்லா நாளும் திறந்திருக்காது. போன வருஷம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் கார் ஓட்டி ஒரு தோட்டத்துக்குப் போனோம். வாசலில் பூட்டு. அவர்கள் இணையப் பக்கத்தில் பழைய நேரமே போட்டிருந்தார்கள். இப்போது கிளம்பும் முன்னால் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் போகிறேன். அரசுப் பராமரிப்பில் இருக்கிற இடங்களுக்கு ஹெரிடேஜ் கார்டு என்று வருஷ அட்டை உண்டு. கோட்டைகளும் பார்க்கிறதாக இருந்தால் வாங்குங்கள், 60 வயது தாண்டியவர்களுக்கு விலை குறைவு.

என் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கனிமாராவில் கைல்மோர் மடம். மிட்சல் ஹென்றி என்ற செல்வந்தர் 1860களின் கடைசியில் கட்டிய மாளிகை. 1920லிருந்து பெனடிக்ட் சபைக் கன்னியர்கள் இருக்கிறார்கள். அதன் மதில் சூழ்ந்த தோட்டம் 6 ஏக்கர். அந்தக் காலத்தில் 21 கண்ணாடி வீடுகள் இருந்தன. வெந்நீர்க் குழாய் ஓடவிட்டு, அந்த மழைப் பிரதேசத்தில் திராட்சையும் வாழையும் விளைவித்தார்கள். பிறகு எல்லாம் இடிந்து காடாகிக் கிடந்ததைக் கன்னியர்கள் மீட்டெடுத்தார்கள். இடிந்த கண்ணாடி வீடுகளின் செங்கல் அடித்தளங்களை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். வாழை நிற்பதற்கு இத்தனை கல், இத்தனை நெருப்பு, இத்தனை ஆள் வேண்டியிருந்ததா என்று நினைத்தபோது, எங்கள் வீட்டு அடுக்களைத் தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரம் யாரும் கேட்காமல் நிற்கிற மட்டி வாழை நினைவுக்கு வந்துவிட்டது. மடத்திலிருந்து தோட்டத்துக்குச் சின்ன பஸ் விடுகிறார்கள், நடக்க வேண்டாம்.

---

விளைவீட்டுக்காரி, அருமனை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அண்ணனுடைய பதிவை மகளின் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். காற்றைப் பற்றி எழுதிய இடத்தில், மறுபடி வாசி என்றார். ஒரு ஆடி மாதத்தில் எங்கள் விளையில் 60 மூடு ஏத்தன் ஒரே இரவில் போனது. அவர் அதை இன்னும் மறக்கவில்லை.

இப்போது இப்படி முடிவு செய்திருக்கிறோம். முதல் நாள் கிளாஸ்னெவின். கார்க் போகிற வழியில் ஹேவுட். லீவு நாட்களில் கென்மேர் பக்கம் அறை எடுத்து மூன்று இரவு தங்கி, தீவு, டெரீன், மக்ரோஸ். மிச்ச நாளில் முடிந்தால் கைல்மோர். பட்டியலில் மவுண்ட் ஸ்டூவர்ட் இருந்தது, விசாவில் அந்தக் குறிப்பு இல்லை, அடித்துவிட்டேன். கன்று எண்ணத்தையும் விட்டாயிற்று. செந்துளுவன் குலை ஒன்று சரியாக மே கடைசியில் வெட்டுக்கு வருகிற மாதிரி நிற்கிறது.

இரண்டு சந்தேகம். தீவிலும் டெரீனிலும் இவரால் எவ்வளவு நடக்க முடியும்? குடை கொண்டுபோகலாமா?

---

கீரிப்பாறைக்காரன்

நல்ல திட்டம் தங்கச்சி. கென்மேர் சரியான இடம், மூன்றுக்கும் நடுவில்.

தீவில் படகிலிருந்து ஏறியதும் சரளைப் பாதை. இத்தாலியத் தோட்டம்வரை அவர் மெதுவாக வந்துவிடுவார். அங்கே கொஞ்சம் படி உண்டு. குளத்தைப் பார்த்தபடி தூண் வைத்த ஒரு மண்டபம் இருக்கும், அதில் உட்காரச் சொல்லுங்கள். குளத்துக்கு அந்தப் பக்கம் தோட்டம் முடிந்து, கடல் தெரிந்து, அதற்குப் பின்னால் மலை தெரியும். நான் அங்கே ஒரு மணி நேரம் சும்மா இருந்திருக்கிறேன். கோபுரத்து ஏற்றம் அவருக்கு வேண்டாம். நீங்களும் மகளும் போங்கள். காலையில் முதல் படகுகளில் ஒன்றைப் பிடித்தால் கூட்டம் இருக்காது.

டெரீனில் பாதை வேறு மாதிரி. வேர் குறுக்கே ஓடும், பாசி வழுக்கும். நம்ம ஊர் ரப்பர் காட்டில் மழைக்குப் பிறகு நடக்கிற மாதிரி. வீட்டுக்கு முன்னால் இருக்கிற புல்தரையைத் தாண்டி அவரைக் கூட்டிப் போக வேண்டாம். ஒரு ஊன்றுகோல் வாங்கிக் கொடுங்கள், மக்ரோஸிலும் உதவும்.

குடை வேண்டாம். இரண்டாம் நாளே கம்பி திரும்பிவிடும். தலையை மூடுகிற மழைக்கோட்டு இரண்டு மகளை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அடி நன்றாகப் பிடிக்கிற ஷூ, மாற்றுக்கு இரண்டு சோடி காலுறை. காற்று அடங்கி ஈரமாக இருக்கிற சாயங்காலத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு கடிப்பூச்சி மொய்க்கும், அட்டை மாதிரிப் பிடித்துக்கொள்ளாது, ஆனால் அரிப்பு விடாது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் கடைசிவரை இருப்பீர்கள் என்பதால் இன்னொன்றும் கண்ணில் படும். நாம் வேலிக்குக் கிளுவையும் செம்பருத்தியும் வைக்கிற மாதிரி, அந்தப் பக்கத்துச் சாலையோரமெல்லாம் ஃபியூஷியா வேலி. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. சிவப்பும் ஊதாவுமாகத் தலைகீழாகத் தொங்குகிற பூ. ஐரிஷ் மொழியில் அதைக் கடவுளின் கண்ணீர் என்கிறார்கள். நீங்கள் திரும்புகிற சமயத்தில் முதல் பூக்கள் விழ ஆரம்பித்திருக்கும்.

அப்புறம் எனக்காக ஒரு வேலை. டெரீனில் மரப்பெரணிக் காட்டுக்குள் பாதை ஒரு சின்ன ஓடையைத் தாண்டும். தாண்டியதும் இடது கைப் பக்கம் ஒரு பெரிய மரப்பெரணி சாய்ந்து நிற்கும். அதன் அடியில் தானாக முளைத்த குட்டிகள் நான்கு நின்றன. 2023ல் இலையோடு சேர்த்து என் முட்டுக்குக் கீழே இருந்தன. அவை இப்போது எவ்வளவு உயரம் என்று கையால் அளந்து சொல்லுங்கள்.